மினுக்கலாம், மிஞ்சலாகாது

எம் தந்தையார் 1959ஆம் ஆண்டு வாங்கிய நீலநிற மொறிஸ் மைனர் இன்றும் எம் வீட்டில் உண்டு. சென்ற ஆவணியில் மகளின் திருமணத்தை முன்னிட்டு, மங்கிப்போன அதன் தீந்தையை மினுக்கத் தொடங்கினோம். தேய்த்த துணியில் நீலம் ஏறியது. பழமை நீங்குகின்றதென மகிழ்ந்து மேலும் தேய்த்தோம். பொனற்றின் விளிம்பில் அடிப்பூச்சு வெளிப்பட்ட பின்னரே உண்மை விளங்கிற்று.

இக்காலக் கார்களின் நிறத்தைக் காக்கும் தெளிந்த மேற்பூச்சு அக்காலக் கார்களுக்கு இல்லை. துணியில் நாம் கண்டது தீந்தையேதான். மினுக்குதல் என்பது கூட்டுதலன்று, குறைத்தல்.

ஆதலின் வாசகர்களே, முதலில் காரை நன்கு கழுவுக. தீந்தை மெலிந்திருக்கும் விளிம்புகளை விலக்கி, நுண்ணிய பசையால் மெல்லத் தேய்த்து, பின்னர் மெழுகிடுக. ஆழ்ந்த கீறல்களை அப்படியே விடுக.

மணநாளன்று மகள் அவ்விளிம்பைக் கண்டாள். "அப்பப்பாவின் காரல்லவா!" என்று சிரித்தவாறே அதில் ஏறினாள்.