மலிவான காரும் மூடிய ஷெட்டும்

கலிபோர்னியாவில் தொழில் பார்க்கும் என் தங்கை மகன் சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தார். "மாமா, புதுசுல 57 ஆயிரம் டொலருக்கு வித்த கார். இப்ப 8 ஆயிரத்துக்குத் தாராங்க. எடுக்கட்டா?"

கார் 2016ஆம் ஆண்டு டொயோட்டா மிராய். ஐதரசன் வாயுவில் ஓடுவது. பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் விற்றவன் என்பதால் இஞ்சினைப் பற்றி ஏதும் சொல்வேன் என்று நினைத்திருப்பார். நான் கேட்டது ஒன்றுதான்: "வாயு அடிக்கிற ஷெட் எங்க மகன்?"

காரில் பெரிய குறை கிடையாது. ஐதரசனையும் காற்றிலுள்ள ஒட்சிசனையும் சேர்த்து மின்சாரம் எடுக்கிறது. புகைக்குப் பதில் நீர்தான் வெளியேறும். நோவு காருக்கு வெளியே இருக்கிறது. 2019 ஜூனில் சான்டா கிளாராவில் ஐதரசன் நிரப்பும் தளமொன்று வெடித்தது. வட கலிபோர்னியாவில் நீண்ட நாட்கள் தட்டுப்பாடு. 2024 பெப்ரவரியில் ஷெல் நிறுவனம் அங்கு கார்களுக்கான தன் ஐதரசன் நிலையங்களை மூடிவிட்டது. மிஞ்சியவற்றிலும் இயந்திரம் அடிக்கடி படுத்துவிடுகிறது என்பது உரிமையாளர்களின் முறைப்பாடு. இயந்திரம் ஓடினாலும், முன்னால் ஓரிரு கார் நிரப்பியிருந்தால் அழுத்தம் ஏறும்வரை காத்திருக்க வேண்டும். சில நேரம் குழாய் முனை குளிரில் உறைந்து காரோடு ஒட்டிக்கொள்ளும். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்ற நமக்கு இது விளங்கும்.

விலையைப் பாருங்கள். 2023இல் ஐதரசன் கிலோ 36 டொலர் வரை போனது. தாங்கி கொள்வது 5 கிலோ. ஒருமுறை நிரப்ப 180 டொலர், ஓடுவது 500 கிலோமீற்றர். புதுக்கார் வாங்கியவருக்கு 15,000 டொலர் எரிபொருள் அட்டை, காலக்கெடுவுடன், கம்பனியே கொடுத்தது. அவருக்குச் சூடு தெரியவில்லை. அட்டை தீர்ந்த காரை வாங்குபவர்தான் கையைச் சுட்டுக்கொள்கிறார். அந்த 8 ஆயிரத்தின் இரகசியம் அதுதான். இன்னொன்று, வாயுத் தாங்கிக்கு 15 வருடமே ஆயுள். திகதி கடந்தால் நிரப்பக் கூடாது.

'வாங்குபவன் விசாரித்திருக்க வேண்டும்' என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஷெட் மூடியது விற்பவருக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் விலையை மட்டும் குறைத்துக் காட்டுவது வியாபாரமா? நம் கடைகளிலும் பாட்ஸ் வராத ஜெனரேட்டரை, மை கிடைக்காத போட்டோகொப்பி மெஷினை 'லாபமாக' தள்ளிவிடுகிறோம் அல்லவா, அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மருமகன் அடுத்த நாளே பக்கத்து நிலையத்துக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். இயந்திரத்தில் 'வேலை செய்யாது' என்று அட்டை தொங்கியதாம். கூடுதல் காசு கொடுத்துப் பழைய ஹைபிரிட் ஒன்றை எடுத்துவிட்டார்.