சாட்சி பல்டியடித்தால் வழக்கு செத்துவிடுமா?

கோவில்பட்டித் தேநீர்க் கடையிலே தீப்பெட்டித் தொழிலாளத் தோழர் ஒருவர் கேட்டார்: "சாட்சிதான் மாற்றிச் சொல்லிவிட்டானே, இனி அப்பீலில் எல்லாரும் வெளியே வந்துவிடுவார்கள், அப்படித்தானே?" சாட்சியை மிரட்டு, வழக்கை முறி என்று திரியும் ஆதிக்கக்காரனும் இதைத்தான் நம்புகிறான்!

கோகுல்ராஜ் வழக்கைப் பாருங்கள். 2015 ஜூனில் திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்குத் தோழியுடன் சென்ற பொறியியல் பட்டதாரி, பள்ளிபாளையம் அருகே இருப்புப்பாதையில் பிணமாகக் கிடந்தார். அவர் தாழ்த்தப்பட்ட வகுப்பு. அந்தப் பெண் வேறு சாதி. அதற்காகத்தான் கொலை!

அந்தப் பெண் மாஜிஸ்திரேட்டிடம் ஒன்று சொன்னார். விசாரணையிலே வேறொன்று சொன்னார். ஆயினும் 2022 மார்ச்சில் மதுரைத் தனி நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அவரை வரவழைத்து, கோயில் கேமராப் படத்தையே காட்டிற்று. அது தாமல்ல என்றார். அவமதிப்பு நடவடிக்கை பாய்ந்தது.

வழக்கு செத்ததா? இல்லை! 2023 ஜனவரியில் நீதிபதிகள் எம்.எஸ்.ரமேஷும் என்.ஆனந்த் வெங்கடேஷும் அந்தக் கோயிலுக்கே நேரில் போய்ப் பார்த்தார்கள். ஜூன் 2-இல் யுவராஜ் உள்ளிட்ட எட்டுப் பேரின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தார்கள். இருவருக்கு ஐந்தாண்டாகக் குறைந்தது. கீழ்மன்றம் விடுவித்த ஐவர் விடுதலையும் நின்றது. சான்று எட்டிய மட்டுந்தான் தண்டனை.

ஒரு பொய் சொன்னவன் சொல் அத்தனையும் பொய் என்பது நம் நாட்டுச் சட்டமல்ல. பிறழ்சாட்சியின் வாக்குமூலத்திலும் மற்றச் சான்றோடு பொருந்துவதை எடுத்துக்கொள்ளலாம். நேரம் ஏழா, ஏழரையா என்ற முரண் உமி. வெட்டியவன் யார் என்பதிலே முரண் வந்தால் அது வழக்கின் வேரையே அறுக்கும். சந்தேகத்தின் பலன் அப்போது குற்றவாளிக் கூண்டில் நிற்பவனுக்கு. அதையும் நாம் குறை சொல்லோம். நாளை பொய் வழக்கிலே அந்தக் கூண்டில் நிற்பவன் நம் தோழனாகவும் இருக்கலாமன்றோ?

அந்தப் பெண்ணை ஏச நமக்கு மனம் வரவில்லை. எவரைக் கண்டு, எதற்கு அஞ்சினாரோ! 2018 டிசம்பரில் உச்சநீதிமன்றம் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்திலே காவல் உண்டு, அடையாளம் மறைத்தல் உண்டு, இடம் மாற்றிக் குடிவைத்தலும் உண்டு. மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவுக்கு மனுப் போட வேண்டும். கரிசல் காட்டுச் சாட்சிக்கு மிரட்டல் வந்தால், அன்றைக்கே மனுவை எழுதி, அவரைத் தூத்துக்குடி பேருந்தில் தனியே அனுப்பாமல் கூடவே ஏறுங்கள், தோழர்களே!