மாறியின் எல்லையும் ஆயுளும்

கெலமங்கலம், தளிப் பகுதிகளின் பசுமைக்குடில்களில் ரோஜா வளர்கிறது. அங்கே சொட்டுநீர் மோட்டாருக்கு ஆணையிட, 2016-இல் வெளிவந்த ஈஎஸ்பி32 என்னும் சில்லு போதும். தீப்பெட்டியினும் சிறிய அது, தானே வலைச் சேவையகமாகிக் கைப்பேசியில் ஒரு பக்கம் காட்டும். நீர் பாய்ச்சும் நேரத்தை விவசாயி அதில் மாற்றலாம்.

மாற்றிய நேரம் எங்கே தங்குகிறது? செயற்கூற்றினுள் அறிவித்த சாதாரண மாறியில் இட்டால், செயற்கூறு முடிந்ததும் மறையும். 'ஸ்டேட்டிக்' என்று அறிவித்தால் வரையெல்லை அதுவே. ஆயுளோ நிரல் ஓடும்வரை நீளும். பொது மாறி நிரலெங்கும் தெரியும். ஆயினும் மின்சாரம் நின்றால் இம்மூன்றின் கதியும் ஒன்றே! நிரலில் முதலில் எழுதிய நேரமே திரும்பி வரும்; செடி வாடும். பிளாஷ் நினைவகத்தில் எழுதியதே மின்தடையைக் கடந்து நிற்கும்.

அப்படியானால் எல்லாவற்றையும் அங்கேயே எழுதலாமா? கூடாது. பிளாஷின் ஒரு பகுதி பொதுவாக 1,00,000 முறை அழித்தெழுதவே தாங்கும். ஒரே இடத்தில் நொடிக்கொரு முறை எழுதினால் 28 மணி நேரத்தில் அக்கணக்குத் தீர்ந்துவிடும். ஆகவே விவசாயி மாற்றும்போது மட்டும் எழுதுவதே முறை. நொடிதோறும் மாறும் மண் ஈரத்தின் அளவு சாதாரண மாறியில் வந்து போகட்டும்.

தேர்வுக்காக வரையெல்லைக்கு இலக்கணம் எழுதுகிறோம். ஆயுளை எண்ணிப் பார்க்கிறோமா? செய்முறைத் தேர்வில் ஒரு வினா சேர வேண்டும் என்பது என் கருத்து: மின்னிணைப்பைப் பிடுங்கி மீண்டும் செருகுக, நிரல் எதை மறந்தது, எதை மறக்கவில்லை, ஏன்? பேராசிரியப் பெருமக்கள் இதனைக் கருத்தில் கொள்வார்களாக.