இந்த வயதில் எதற்கு?

“52 வயதில் உங்களுக்கு எதற்கு இது?”

சென்னையில் மனநல மருத்துவர் ஒருவர் என் சாச்சா மகனிடம் கேட்ட கேள்வி இது. “மணமாகியிருக்கிறது, இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், வங்கியில் வேலை பார்க்கிறீர்கள், என் முகத்தைப் பார்த்துப் பேசுகிறீர்கள். ஆட்டிசம் என்பது குழந்தைகளுக்கு உள்ளது” என்று கூறிச் சில நிமிடங்களில் அனுப்பிவிட்டார். அந்தச் சில நிமிடங்களுக்காக அவர் ஆறு ஆண்டுகள் தயங்கினார் என்பதை நான் அறிவேன். அம்மருத்துவர் ஒருவரைச் சாடுவது என் நோக்கமன்று. அவர் கேட்டதையே குடும்பமும் கேட்கிறது. நல்லெண்ணம் படைத்த நண்பர்களும் கேட்கின்றனர். ஆகவே விடை கூறியாக வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த வங்கி வேலை. 1943இல் அமெரிக்க மருத்துவர் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே ஆட்டிசத்தை மருத்துவ உலகின் கவனத்திற்குக் கொணர்ந்தது. அதில் முதலாவதாக இடம்பெற்ற சிறுவன் டொனால்ட் டிரிப்லெட். அச்சிறுவன் பின்னர் என்ன ஆனார்? மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் எனும் சிற்றூரின் வங்கியில் பல்லாண்டுகள் பணிபுரிந்தார். கார் ஓட்டினார், கால்ஃப் ஆடினார், பல நாடுகளுக்குப் பயணம் சென்றுவந்தார். 2023இல் தமது 89ஆம் வயதில் காலமானார். வங்கியில் வேலை பார்ப்பவருக்கு ஆட்டிசம் இருக்கவியலாது எனில், கானர் பதிவு செய்த முதல் மனிதருக்கே அது இல்லை என்றன்றோ ஆகும்!

அப்படியாயின் சிறு வயதில் ஏன் கண்டறியவில்லை என்பர். கண்டறியும் கண் அன்று இல்லை. 1980இல் வெளிவந்த அமெரிக்க மனநோய்க் கையேடு இதற்கு இட்ட பெயரே ‘குழந்தைப் பருவ ஆட்டிசம்’ என்பதுதான். பேசத் தெரிந்த, படிப்பில் தேறிய பிள்ளை அந்த வலைக்குள் விழுவது அரிது. மறு ஆண்டு இலண்டனில் லோர்னா விங் அம்மையார், ஆஸ்திரிய மருத்துவர் ஆஸ்பெர்கரின் பழைய குறிப்புகளை எடுத்துக்காட்டி, நன்கு பேசுவோரிடமும் இது உண்டு என்று எழுதினார். அது அமெரிக்கக் கையேட்டில் ஏற 1994 ஆயிற்று. அதற்குள் என் சாச்சா மகன் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டார்.

2013இல் வந்த ஐந்தாம் பதிப்பு இன்னொன்றையும் தெளிவாகக் கூறுகிறது: அறிகுறிகள் இளமையிலேயே இருந்திருக்க வேண்டும், ஆனால் வாழ்வின் சுமை தாங்கும் ஆற்றலை மீறும்வரை அவை முழுதாக வெளிப்படாமல் போகலாம், கற்றுக்கொண்ட உத்திகளால் மறைந்தும் இருக்கலாம். ‘என் முகத்தைப் பார்த்துப் பேசுகிறீர்கள்’ என்றார் மருத்துவர். அவர் பார்த்தது முகத்தையன்று, இரு புருவங்களுக்கும் இடைப்பட்ட இடத்தை. பதினாறு வயதில் கண்ணாடி முன் நின்று அவர் பழகிக்கொண்ட வித்தை அது.

இனி, ‘இந்த வயதில் ஒரு பெயர் எதற்கு?’ என்பதற்கு வருவோம். இதுநாள்வரை அவர் பெயரில்லாமலா இருந்தார்? நிக்காஹ் வீட்டில் நால்வர் ஒரு சஹனைச் சுற்றி அமர்ந்தபோது அவர் தனித் தட்டுக் கேட்டார், ‘பெருமைக்காரன்’ என்றோம். பெருநாள் புத்தாடையின் தையல் உறுத்துகிறதென்று கழற்றி எறிந்தார். ‘நன்றி கெட்டவன்’ என்றோம். மய்யித்து வீட்டில் சொல்ல வேண்டிய சொல் வாயில் வராமல் கதவோரம் நின்றார்; ‘கல்நெஞ்சன்’ என்றோம். நானும் சொன்னேன். இப்பெயர்களைச் சூட்ட நமக்கு எந்தச் சோதனையும் வேண்டியிருக்கவில்லை. எவரும் நம்மிடம் காரணம் கேட்கவுமில்லை. சரியான பெயரைத் தேடி அவர் புறப்படும்போது மட்டும் காரணம் கேட்கிறோம்!

மருந்தில்லாத ஒன்றை அறிந்து என்ன பயன் என்பாரும் உளர். ஆட்டிசத்தை நீக்கும் மருந்து இல்லை, உண்மை. ஆனால் மனச்சோர்வு என்று அவர் விழுங்கிய மாத்திரைகளுக்குக் கணக்கில்லை. கணவருக்குத் தம்மீது அன்பில்லை என்றெண்ணி ஒரு பெண் இருபது ஆண்டுகள் அழுதிருக்கிறார். கூச்சலும் நெரிசலும் தாளாமல் அவர் ஒதுங்கியதை வெறுப்பு என்று அவர் மனைவி படித்தார். இப்போது அவ்வம்மையார்தாம், ‘போய்க் கேட்டு வாருங்கள்’ என்று அவரை அனுப்புகிறார்.

தமிழில் நாம் வைத்த பெயர்களும் இந்தக் குழப்பத்திற்குத் துணைபோகின்றன. ‘தன்முனைப்புக் குறைபாடு’ என்கின்றனர் சிலர். தன்முனைப்பு என்றால் அகந்தையன்றோ? அரசு ஏடுகளில் ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்று காண்கிறேன். மின்விசிறியின் இரைச்சலைக்கூட மறக்கவியலாமல் தவிக்கும் மனிதரையா புற உலகம் அற்றவர் என்பது? ஆட்டிசம் என்றே நான் எழுதுகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்ற 21 வகைகளுள் ஆட்டிசமும் ஒன்று. பெரும்பாலும் மூன்று வயதுக்குள் தோன்றுவது என்கிறது சட்டம். முப்பதில் மறைந்துவிடும் என்று எங்கும் கூறவில்லை. எனினும் சான்றிதழுக்கென வகுத்த இந்திய அளவுகோலைப் பாருங்கள். 40 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 70க்குக் குறைந்தால் ஆட்டிசம் இல்லை. கண்ணோடு கண் நோக்குகிறாரா, முறுவலுக்கு முறுவல் தருகிறாரா என்று அது கேட்கிறது. குழந்தையிடம் கேட்கத்தக்க கேள்விகள்தாம். அரை நூற்றாண்டு நடித்துப் பழகியவரிடம் இவற்றைக் கேட்டால், நடிப்புக்கு மதிப்பெண் கிடைக்குமே ஒழிய, அந்த நடிப்பில் அவர் இழந்தவற்றை எந்தக் கட்டத்தில் குறிப்பது?

கைபேசியில் ஏதோ வினாத்தாளை நிரப்பிவிட்டுத் தமக்கு ஆட்டிசம் என்று சொல்லிக்கொள்வோர் பெருகிவிட்டனர் என்ற குற்றச்சாட்டை நான் மறுக்கவில்லை. 2001இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் வெளியிட்ட 50 வினாக்கள் வெறும் முன்சோதனையே. அது நோயறிதல் ஆகாது. கூச்சமும், பதற்றமும், கவனக் குறைபாடும் இதே தோற்றம் காட்டக்கூடும். பிரித்தறியப் பயிற்சி பெற்றவர் தேவை. அத்தகையவரிடம் சென்ற மனிதரைத்தானே வாசலிலேயே திருப்பியனுப்பினோம்? திருப்பியனுப்பிவிட்டு, கைபேசியை நம்புகிறான் என்று பழிப்பது என்ன நியாயம்?

இதில் அவசரமும் ஒன்று உண்டு. முறையான ஆய்வில் இளமைக் காலத்தை அறிந்தவரின் வாக்குமூலம் பெரிதும் நாடப்படும். எப்போது பேசத் தொடங்கினான், யாருடன் விளையாடினான், எதற்கு அழுதான் என்பதெல்லாம் உம்மாவுக்குத்தான் தெரியும். என் சாச்சிக்கு இப்போது வயது 78. சென்ற மாதம் அவரிடம் கேட்டேன். தீப்பெட்டிப் படங்களை நிற வரிசையில் அடுக்கி, ஒன்று இடம் மாறினால் நாள் முழுதும் அழுவான் என்றார். அது என் தம்பி என்று மூத்த மகள் திருத்தினார். சற்று யோசித்து, “ஆமாம், அது யார்?” என்று சாச்சி என்னையே கேட்டார்.