முற்றுகையிலும் வெட்டலாகாத மரம்

பகைவரின் நகரை முற்றுகையிடும் படைக்கும் இணைச்சட்ட நூல் (20:19-20) ஒரு வரம்பு விதிக்கின்றது: கனிதரும் மரங்கள்மீது கோடரியை ஓங்கலாகாது. யூத அறிஞர்கள் இக்கட்டளையை மரத்தோடு நிறுத்திவிடவில்லை. 12ஆம் நூற்றாண்டின் மைமோனிடெஸ், உணவை வீணாக்குவதையும் உடையைக் கிழிப்பதையும் நீரூற்றை அடைப்பதையும் இத்தடையினுள் சேர்த்துரைத்தார். ‘அழிக்காதே’ என்று பொருள்படும் ‘பால் தஷ்கித்’ என்பதே இந்நெறியின் பெயர்.

இதனை வாசிக்கையில் நமது மட்டக்களப்பு வாவிக்கரையே நினைவில் எழுகின்றது. 2009இல் முடிவுற்ற போரின் காலத்தில், பாதுகாப்புக் காரணம் கூறி வாவியோரக் கண்டல் மரங்கள் பல இடங்களில் வெட்டப்பட்டன. கண்டல் நாம் உண்ணும் கனியைத் தருவதில்லையே என நீங்கள் கேட்கலாம். கனிதராத மரத்தை முற்றுகைக்காக வெட்ட மோசேயின் சட்டமும் இடமளிக்கின்றது, உண்மைதான். ஆனால் கண்டல் வேர்களிடையே மீன்குஞ்சும் இறாலும் நண்டும் வளர்கின்றன. அவையே வாவி மீனவரின் சோறு. அம்மரத்தின் கனி நீருக்கடியில் விளைகின்றது, அவ்வளவே.

போர்க்காலத்து அழிவைப் பிறர்மீது சுமத்திவிடலாம். இன்றோ முற்றுகை இல்லை. எனினும் கரையோரத்தை மண்ணிட்டு நிரப்பிக் காணியைப் பெருக்குவோர் உளர். பொலித்தீன் பையைப் பாலத்திலிருந்து வாவிக்குள் எறிவோரும் உளர். ஆலயத் திருவிழாவின் மறுநாட்காலையில் வளாகத்தில் சிதறிக்கிடப்பவற்றையும் இக்கணக்கில் சேர்க்கவேண்டும். குருவாகிய நானே இதை நாணத்துடன் எழுதுகின்றேன்.

வரும் ஞாயிறு திருப்பலி முடிந்து திரும்பும் வழியில், குடும்பமாய் வாவியோரம் சற்று நில்லுங்கள். கண்டல் நிற்பது எங்கே, மண்மேடு எழுந்திருப்பது எங்கே என்று பிள்ளைகளிடம் கேளுங்கள்.