தங்கவயல் ஆசிரியர்களுக்கு முதுகலை எட்டாக் கனியா?

கோலார் தங்கவயலில் சுரங்கம் 2001இல் இழுத்து மூடப்பட்டது. நூறாண்டுக்கும் மேலாகப் பூமிக்கடியில் உழைத்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களுக்கு அதன் பிறகு மிஞ்சிய சொத்து பிள்ளைகளின் படிப்பு ஒன்றே. அந்தப் படிப்பைத் தருகிற ஆசிரியர்கள் தாங்கள் மேலே படிக்க என்ன வழி என்று கேட்டால், அது அவர்கள் சொந்த விஷயம் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். இல்லை தோழர்களே, அது நம் விஷயம்.

உயர்நிலைப் பள்ளியில் பாடம் நடத்தப் பட்டமும் பி.எட்.டும் போதும். பி.யூ.சி. வகுப்புக்கு விரிவுரையாளராக முதுகலை வேண்டும். தொழிலாளியின் மகள் ஒருவர் எப்படியோ பட்டம் வாங்கி, பி.எட். முடித்து, ராபர்ட்சன்பேட்டையிலோ ஆண்டர்சன்பேட்டையிலோ ஒரு பள்ளியில் சேர்கிறார். இருபது வருடம் கழித்துப் பார்த்தாலும் அதே நாற்காலி, அதே பாடம். பி.யூ. கல்லூரியில் இடம் காலியானால் வெளியூர்க்காரர் வருகிறார். மாற்றல் கிடைத்ததும் போய்விடுகிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்கும் குடும்பம் உண்டு. ஆனால் பாதி வருடத்தில் இயற்பியலுக்கு ஆளில்லாமல் நிற்பது நம் பிள்ளை.

கோலாரில்தான் பல்கலைக்கழகம் வந்துவிட்டதே என்பார்கள். வந்தது உண்மை. பெங்களூர்ப் பல்கலைக்கழகத்தைப் பிரித்து, 2017இல் பெங்களூர் வடக்குப் பல்கலைக்கழகத்தைக் கோலாரில் வைத்தார்கள். ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர்தான். ஆனால் முதுகலை வகுப்பு நடப்பது பகலில். ஆசிரியை பள்ளியில் நிற்பதும் அதே பகலில். இரண்டு வருடம் வேலையை விட்டுவிட்டுப் படிக்கச் சொல்பவர்கள் அந்த வீட்டு அடுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லட்டும். பெங்களூருக்குப் போய்ப் படிக்கலாமே என்றால், விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி இருட்டிய பிறகு திரும்புகிற ஆயிரக்கணக்கான நம் மக்களைக் கேளுங்கள். சீசன் டிக்கெட் ரயில் கட்டணத்தைத்தான் குறைக்கும், உடம்பின் அசதியைக் குறைக்காது.

அஞ்சல் வழிக் கல்வி ஒரு காலத்தில் கை கொடுத்தது. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் வெளி மாநிலங்களிலும் படிப்பு மையம் நடத்தி வந்தன. மாநிலப் பல்கலைக்கழகம் தன் எல்லையைத் தாண்டி மையம் வைக்கக் கூடாதென்று பல்கலைக்கழக மானியக் குழு 2013இல் அறிவித்தது. மைசூரிலுள்ள கர்நாடகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தை நம்பலாமென்றால், 2013-14 முதலே அதற்கு அங்கீகாரம் இல்லையென்று 2015இல் அதே குழு கைவிரித்தது. 2018இல்தான் அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. நடுவில் பணம் கட்டிப் பரீட்சை எழுதியவர்கள் கையில் காகிதத்தோடு அலைந்தார்கள். மையத்துக்கு மையம் கடை விரித்தவர்களைக் கட்டுப்படுத்த வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் கடையைச் சாத்தியவர்கள் படிக்க வந்தவருக்கு வேறு வாசலைக் காட்டினார்களா?

இப்போது ஆன்லைன் என்கிறார்கள். 2020 விதிகளின்படி அனுமதி பெற்ற பல்கலைக்கழகம் ஆன்லைனில் எந்த மாநிலத்தவருக்கும் பாடம் நடத்தலாம். தமிழோ வரலாறோ படிப்பவருக்கு இது ஓரளவு உதவும். லைன் வீட்டில் ஒரே அறை. அதில் மாமியார், பிள்ளைகள், டி.வி. அந்த நடுவில் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் படிக்க முடியும்? வேதியியல் படிப்பவர் சோதனைச் சாலைக்கு எங்கே போவார்?

ரயில்வேக்காரன் என்பதால் இன்னொன்றும் எனக்குத் தோன்றுகிறது. பங்காருப்பேட்டையிலிருந்து ஜோலார்பேட்டை போகும் பாதையில் இருப்பது குப்பம். ஆந்திரத்தைச் சேர்ந்த ஊர். தென்மொழிகளுக்கென்றே 1997இல் திராவிடப் பல்கலைக்கழகத்தை அங்கே நிறுவினார்கள். மாநில எல்லையைத் தாண்டி அவர்கள் இங்கே வர முடியாவிட்டால், நம் ஆசிரியர்கள் அங்கே போகலாம். தமிழ் முதுகலைக்கு ஞாயிறும் கோடை விடுமுறையும் வகுப்பு வைப்பார்களா என்று கேட்பதில் தவறில்லை.

ஆனால் முதல் கோரிக்கை கோலாருக்கே. தங்கவயலில் இருக்கும் ஒரு கல்லூரிக் கட்டடத்தில், மாலையிலும் ஞாயிறன்றும், கணிதம், இயற்பியல், வேதியியல், ஆங்கிலம், கன்னடம், தமிழ் ஆகியவற்றில் முதுகலை வகுப்பு வேண்டும். புதுக் கட்டடம் கேட்கவில்லை. கட்டணம் தவணையில் கட்ட அனுமதி வேண்டும். பரீட்சை நாட்களில் பள்ளி நிர்வாகம் சம்பளத்தைப் பிடிக்காமல் விடுப்புத் தர வேண்டும். தனியார் பள்ளி ஆசிரியைக்கு இந்தக் கடைசி விஷயம்தான் பெரிய தலைவலி. அதில் பெற்றோர் நேரே போய்ப் பேசினால் நிர்வாகம் அசையும்.

"எத்தனை பேர் சேருவார்கள்?" பல்கலைக்கழக அலுவலகம் முதலில் கேட்கப்போவது இதைத்தான். எனவே உங்கள் பிள்ளையின் ஆசிரியரிடம் கேளுங்கள். பெயர், பள்ளி, எந்தப் பாடத்தில் பட்டம், எதில் முதுகலை வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிச் சங்கத்தில் கொடுங்கள். பாடவாரியாகப் பிரித்து, கையெழுத்தோடு துணைவேந்தருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் மனுவாகக் கொடுப்போம். நேரில் கொடுக்கும்போது ஆசிரியர்களோடு பெற்றோரும் வர வேண்டும்.