வாய்ப்பூட்டா, வைத்தியமா?

குரைக்கிற நாய் கடிக்காது என்பது பழமொழி. அது மெய்யாகவே இருக்கட்டும். ஆனால் இரவு 11 மணிக்கு ஆரம்பித்து விடியுமட்டும் ஓயாமற் குரைக்கும் நாய் அண்டை வீட்டாரின் நித்திரையைக் கடித்துக் குதறி விடுகிறதென்பதை அநுபவித்தவர்கள் அறிவார்கள். ஒரே சுவருக்கு இருபுறமும் இரண்டு குடும்பங்கள் வசிக்கும் அடுக்கு வீடுகள் நம் நகரங்களிற் பெருகி வருகின்றன. அவற்றில் இது அற்ப விஷயமன்று. நோயாளியும் கைக்குழந்தையும் பரீட்சைக்குப் படிக்கும் மாணவனும் இருக்கும் வீட்டில், அடுத்த வீட்டு நாயின் குரல் பெரும் வழக்காக முற்றுகிறது. இவ்வழக்குக்குச் சிலர் சுலபமான ஒரு பரிகாரம் கூறுகின்றனர். நாயின் தொண்டையில் ரண சிகிச்சை செய்து குரலை அறுத்து விடுவதே அது. இந்தப் பரிகாரம் நியாயமானதா என்பதை நாம் தீர விசாரிக்க வேண்டும்.

இவ்விஷயத்தில் அமெரிக்க ஐக்கிய நாட்டிலேயே இரண்டு மாகாணங்கள் நேர்விரோதமான இரண்டு வழிகளிற் சென்றிருப்பது கவனிக்கத்தக்கது. ஓரிகன் மாகாணத்தில் ஒரு குடும்பத்தார் ஆட்டு மந்தையைக் காப்பதற்கென்று பெருநாய்களை வளர்த்தனர். அவற்றின் குரைப்பைப் பற்றி அண்டை வீட்டார் 2002 முதற்கொண்டு முறையிட்டு வந்து, 2012-ல் வழக்குத் தொடுத்தனர். 2015-ல் ஜூரிகள் 2 லட்சத்து 38 ஆயிரம் டாலருக்கு மேல் நஷ்ட ஈடு விதித்தனர். ஜட்ஜியோ அம்மட்டில் நில்லாமல், நாய்களின் குரலைச் சிகிச்சையால் அடக்கும்படியும் உத்தரவிட்டார். 2017-ல் அப்பீல் கோர்ட்டும் அவ்வுத்தரவை உறுதி செய்தது. காட்டு மிருகங்களிடமிருந்து மந்தையைக் காக்கவே நாய்கள் குரைக்கின்றன என்று எஜமானர்கள் கூறிய சமாதானம் பலிக்கவில்லை.

மாஸசூஸெட்ஸ் மாகாணமோ 2010-லேயே வேறொரு சட்டம் செய்துவிட்டது. வைத்தியக் காரணமின்றி நாயின் குரலையாவது பூனையின் குரலையாவது அறுப்பது அங்கே குற்றம். 5 ஆண்டு வரை சிறைவாசமும் விதிக்கலாம். ஒரு கோர்ட்டு கட்டளையிட்டுச் செய்விக்கும் காரியத்தை மற்றொரு மாகாணச் சட்டம் சிறைக் குற்றமாக வைத்திருக்கிறது! ஐரோப்பாக் கண்டத்தில், ஐரோப்பியக் கவுன்ஸிலார் 1987-ல் இயற்றிய வளர்ப்புப் பிராணி உடன்படிக்கையானது, வாலறுத்தல், காதறுத்தல், நகம் பிடுங்கல், பல் பிடுங்கல் ஆகியவற்றோடு குரலறுத்தலையும் விலக்கியிருக்கிறது. வைத்திய அவசியத்துக்காகவோ அந்தப் பிராணியின் நன்மைக்காகவோ மட்டுமே விதிவிலக்கு உண்டு. வளர்ப்பவனுடைய சௌகரியம் அங்கே காரணமாக ஒப்புக்கொள்ளப்படவில்லை.

இச்சிகிச்சை இன்னதென்று அறியாமலே பலர் இதைப் பிரஸ்தாபிக்கின்றனர். நாயை மயக்கத்தில் ஆழ்த்தி, வாய் வழியாகவோ, கழுத்தின் முன்புறத்தைக் கீறியோ, குரல்வளைக்குள் இருக்கும் குரல் நாண்களின் ஒரு பகுதியை வைத்தியர் வெட்டி எடுக்கிறார். குரல் முற்றும் ஒழிவதில்லை. கம்மிய, கரகரத்த ஓசையொன்று மிஞ்சுகிறது. சில மாதங்களில் தசை மீண்டும் வளர்ந்து குரல் ஓரளவு திரும்பி வருவதும் உண்டு. வெட்டிய இடத்திற் தழும்பு படர்ந்து மூச்சுக் குழலைக் குறுக்கினால் நாய் இருமும், மூச்சுத் திணறும். உண்ணும் உணவும் நீரும் சுவாசப் பையிற் புகுந்து கபவாத ஜுரம் காண்பதும் கூடும். இவ்வளவும் பொறுத்த பின்னும் குரைக்க வேண்டுமென்ற உந்துதல் நாயை விட்டுப் போவதில்லை. அது முன்போலவே வாயைத் திறந்து குரைக்க முயல்கிறது. சப்தம் மட்டும் வெளிவருவதில்லை. அச்சத்தாற் குரைத்த நாய் அச்சத்தோடேயே இருக்கிறது. தனிமையாற் குரைத்த நாய் தனிமையிலேயே கிடக்கிறது. நோய் அப்படியே இருக்க, நோயின் அடையாளத்தை அழித்துவிடுவது வைத்தியமாகுமா?

யுத்த காலத்தில் இத்தகைய காரியம் நடந்ததுண்டு. இந்தியாவிற் பயிற்சி பெற்று 1944-ல் பர்மாக் காடுகளுக்குள் ஜப்பானியரின் பின்புறமாக நுழைந்த விங்கேட்டின் சேனையில், பாரம் சுமந்த கோவேறு கழுதைகள் கத்திக் காட்டிக்கொடுத்துவிடாதபடி அவற்றின் குரல் நாண்களை வெட்டினார்கள். சத்துரு அருகில் இருக்க, ஒரு கத்தலால் மனிதர் பலர் மாளக்கூடிய நிலைமை அது. அதையும் சரியென்று எல்லாரும் சொல்லமாட்டார்கள். யுத்த முனையிற் செய்ததை, அடுத்த வீட்டாரோடு சமாதானம் பேச மனமில்லாத குடித்தனக்காரன் தன் வீட்டிற் செய்வதற்கு என்ன நியாயம்?

குரலறுப்பை ஆதரிப்போர் சொல்லும் வாதங்களில் ஒன்று மட்டும் பலமானது. வேறு எவ்வழியாலும் குரைப்பு அடங்காதபோது, அந்த நாயைக் கொல்வதோ தெருவில் விரட்டுவதோ தவிர வேறு கதியில்லாமற் போகிறது. உயிரை இழப்பதைக் காட்டிலும் குரலை இழப்பது மேலன்றோ என்று கேட்கின்றனர். இதை நாம் அலட்சியமாகத் தள்ளிவிடவில்லை. உயிரே பெரிதென்பதில் ஐயமில்லை. ஆனால் மற்றெல்லா வழிகளையும் மெய்யாகவே முயன்று பார்த்தவர் எத்தனை பேர்? கடைசி உபாயமென்று வைக்கப்பட்டது, பணமும் அவசரமும் உள்ளவர் கையில் முதல் உபாயமாகிவிடும் என்பதே நமது அச்சம்.

மற்ற வழிகள் இல்லாமல் இல்லை. முதலில், நாய் ஏன் குரைக்கிறதென்று அறிய வேண்டும். வளர்ந்த ஓநாய் அபூர்வமாகவே குரைக்கும். மனிதனோடு வாழ வந்த நாயே ஓயாது குரைக்கிறது. நம் முன்னோர் வாயிற் காவலுக்கும் பட்டிக் காவலுக்கும் அந்தக் குரலை விரும்பியே அதை வளர்த்தனர். குரைப்புக்கு அர்த்தமும் உண்டு. ஹங்கேரி தேசத்து ஆராய்ச்சியாளர்கள், பதிவு செய்த குரைப்புக்களை மட்டும் கேட்கச் செய்து, அந்நியனைக் கண்ட குரைப்பு எது, தனியே கட்டுண்ட குரைப்பு எது, விளையாட்டுக் குரைப்பு எது என்பதை மனிதர் ஓரளவு பகுத்தறிகின்றனரென்று 2005-ல் வெளியிட்டனர். நாய் வளர்ப்போர் காது கொடுத்துக் கேட்டாற் காரணம் விளங்கும்.

வீதியிற் போவோரைக் கண்டு குரைக்கும் நாய்க்கு ஜன்னலை மறைத்தாற் பாதித் தொல்லை தீரும். நாளெல்லாம் மாடிக் கைப்பிடிக்குள் அடைபட்டுக் குரைக்கும் நாய்க்குக் காலையும் மாலையும் நடையும், மோந்து தேடும் விளையாட்டும் மருந்து. எஜமானன் வெளியே சென்றதும் ஓலமிடும் நாயைச் சிறிது நேரம் முதல் படிப்படியாகத் தனித்திருக்கப் பழக்க வேண்டும். சோற்றுக்கும் கவனிப்புக்கும் குரைக்கும் நாய்க்கு, குரைக்கும்போது ஒன்றும் கொடாமல், ஓய்ந்த கணத்திற் கொடுப்பதே உபாயம். இப்படிச் செய்யத் தொடங்கிய முதற் சில நாட்களிற் குரைப்பு அதிகரிக்கும். அதற்கஞ்சி இடையில் இணங்கினால் காரியம் கெட்டது. எஜமானனும் கூடக் கத்தினால், அவனும் தன்னோடு சேர்ந்து குரைப்பதாகவே நாய் எண்ணிக்கொள்ளும். கிழ நாய் திடீரென்று இரவிற் குரைக்கத் தலைப்பட்டால், செவிட்டையோ வலியையோ மூளைத் தளர்ச்சியையோ சந்தேகித்து மிருக வைத்தியரிடம் காட்ட வேண்டும். மின்னதிர்ச்சி கொடுக்கும் கழுத்துப் பட்டையை நாம் சிபார்சு செய்யோம். வேல்ஸ் தேசம் அதை 2010-லேயே தடுத்துவிட்டது.

இனி நமது நாட்டுச் சட்டத்தைப் பார்ப்போம். 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவு, பிராணியை அங்கபங்கம் செய்வதைக் குற்றமாக்குகிறது. கொம்பு நீக்கல், காயடித்தல், சூடு போடல், மூக்கணாங்கயிறு குத்தல் ஆகியவற்றுக்கு அதில் விலக்குண்டு. குரலறுத்தலுக்கு விலக்குக் காணோம். ஆகவே சௌகரியத்துக்காகக் குரலறுப்பது அச்சட்டத்தின் கருத்துக்கு மாறானதென்பதே நமது அபிப்பிராயம். ஆனால் முதற் குற்றத்துக்கு அச்சட்டம் விதித்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை மட்டுமே! சிகிச்சைக்கு ஆகும் செலவில் இது எத்தனையில் ஒரு பங்கு? குரலறுப்பைப் பெயர் சொல்லி விலக்கி, தக்க தண்டனையும் விதிக்கும் திருத்தம் அவசியம்.

அதே சமயத்தில், அண்டை வீட்டாரின் உரிமையும் புறக்கணிக்கத் தக்கதன்று. குரைப்பதைக் காரணங்காட்டி நாய் வளர்ப்பதையே தடுக்கக் குடியிருப்போர் சங்கங்களுக்கு அதிகாரமில்லையென்று இந்தியப் பிராணி நல வாரியம் 2015-ல் அறிவித்தது. நாய் வளர்ப்போர் பலர் இதைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு, அயலாரின் முறையீட்டைச் செவியில் ஏற்பதில்லை. 2000-ம் வருஷத்துச் சப்த விதிகள், குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல்லுக்கு மேற் சப்தம் கூடாதென்கின்றன. ஒலிபெருக்கி முதலியவற்றையே முக்கியமாகக் கருதி அவை எழுதப்பட்டிருப்பினும், இரவின் அமைதி பிரஜைகளின் உரிமை என்னும் தத்துவத்தை அவை ஒப்புக்கொள்கின்றன. வளர்க்கும் உரிமை ஒருவனுக்கு உண்டென்றால், உறங்கும் உரிமை மற்றவனுக்கும் உண்டு.

ஓரிகன் கோர்ட்டார் அயலாரின் துன்பத்தை உணர்ந்து நஷ்ட ஈடு விதித்தது நியாயமே. பிழை செய்தவன் எஜமானனாயிருக்க, தண்டனையின் ஒரு பாகத்தை நாயின் தொண்டையில் நிறைவேற்றச் சொன்னதுதான் தவறு. குடியிருப்போர் சங்கத்தார் முறையீட்டைக் கேட்டு, எஜமானனுக்குத் தவணை கொடுத்து, பழக்குவோரையோ மிருக வைத்தியரையோ கலந்துகொள்ளும்படி நிர்ப்பந்திக்கட்டும். அவன் அசட்டையாயிருந்தால் அதிகாரிகள் அவன் மேல் நடவடிக்கை எடுக்கட்டும். மிருக வைத்தியர்களும், நோய்க்கன்றி வேறெதற்கும் குரல் நாணிற் கத்தி வைப்பதில்லையென்று உறுதி செய்துகொள்ளட்டும். தன் வருத்தத்தைச் சொல்ல நாய்க்கு உள்ளது ஒரே குரல். அதை அடக்க வேண்டுமானால் வருத்தத்தை நீக்குவதே வழி. அந்தப் பொறுப்பை ஏற்க மனமில்லாதவர் நாய் வளர்க்க ஆசைப்படாதிருப்பதே உத்தமம்.